கழுத்தில் ஒரு கண்

பிறப்புச் சான்றிதழில் என் பெயர்
நவமணி இல்லை, நாமணி.
அதைத் திருத்தப் பண்டாரவளைக்குப் போனது
அன்றைக்கு நாலாவது தடவை.
கந்தோர் வாசலில், பெயிண்ட் வாளிகளில்,
சோற்றுக் கோப்பை அகலத்தில் டேலியா.
கருஞ்சிவப்பு ஒன்று மழை குடித்துத் தலை கனத்து
வரிசையில் நின்ற எங்களையே பார்த்தது.

"கிழங்கு எங்கே கிடைக்கும்?" என்றேன்,
பெயரைப் பற்றிக் கேட்க வேண்டிய ஜன்னலில்.
சந்திராகாந்தி மிஸ் அன்றுதான்
கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

கிழங்கு எனக்குப் புதிதில்லை.
பொரலந்தையில் விதை உருளைக்கிழங்கு
தரம் பிரிக்கிறவள் நான், எட்டு வருஷமாக.
உருளைக்கு உடம்பெல்லாம் கண்.
எப்படி வெட்டினாலும் எங்கேயாவது விழித்துக்கொள்ளும்.
டேலியா அப்படியில்லையாம்.
தண்டைத் தொடுகிற கழுத்தில் மட்டும்தான் கண்,
அதுவும் அரிசிமணி அளவு மேடு.
கழுத்து முறிந்தால்
எவ்வளவு கொழுத்திருந்தாலும் குருடு.
மிஸ் இதைச் சிங்களத்தில் சொன்னார்.
அந்த மொழியிலும் அது கண்தான்.

பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.
போனேன். பெயர் வரவில்லை.
பிழைபோன விண்ணப்பப் படிவத்தில் சுற்றி
மூன்று கிழங்கு வந்தது.

பொட்டலத்தைப் பிரித்ததும் வரிசை கலைந்தது.
"முளை தெரியும்வரை தண்ணி ஊத்தாதே,
தாகத்தில் போடு" என்றார்
ஓய்வூதியத்துக்கு வந்த தபால்காரர்.
"ஊத்துங்க, இந்த வெயில நம்பேலா" என்றாள்
கைக்குழந்தையோடு ரிஹானா.
கம்பை முதலில் நடு, கிழங்கைப் பிறகு,
மாற்றிச் செய்தால் வயிற்றில் குத்துவாய்:
இதைச் சொன்னது யாரென்று திரும்புவதற்குள்
அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கடையில் கைமுள்ளு ஆயிரத்து எண்ணூறு.
பச்சைப் பிடி, பொம்மைச் சாமான் மாதிரி.
விலை கேட்டதோடு வைத்துவிட்டேன்.
வளைந்த சோற்றுக் கரண்டி,
அண்ணனின் கவ்வாத்துக் கத்தி,
அடுத்த காம்பரா டெரன்ஸின் உடைந்த அன்டெனா,
கட்டுவதற்குக் கிழித்த பனியன்.
லயத்து வாசல் மண் தோட்டத்துக்குச் சொந்தம்.
அதனால் உரப் பையில் நட்டேன்.
போகச் சொன்னால்
தோளில் தூக்கிக்கொண்டு போகலாம்.

முதல் கிழங்கு அழுகியது.
இரண்டாவதன் முளையை நத்தை தின்றது,
ஒரே ராத்திரியில், வெள்ளிக் கோடு போட்டுவிட்டு.
மூன்றாவது
நாலு ஜோடி இலையோடு நின்றது.
நுனியைக் கிள்ளினால்தான் கிளைக்கும்.
கிள்ளத் தெரிந்த விரலுக்கா லயத்தில் பஞ்சம்?
யோகேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டேன்.
தினம் இருபது கிலோ கொழுந்து எடுக்கிறவள்
கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.
"இதையுமா?" என்றாள்.

நானே கிள்ளினேன்.
ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூத்தது மஞ்சள்.
கருஞ்சிவப்பு என்று எழுதித் தந்தவர் மேல் கோபமில்லை.
தூக்கத்தில் எல்லாக் கிழங்கும் ஒரே நிறம்.
வேலை முடிந்து வந்த அக்கா
கூடையை இறக்காமல் ஐந்து நிமிஷம் நின்றாள்.
பறிக்கவா என்று கேட்கவில்லை.

தண்டு காய்ந்ததும் கரண்டியால் தோண்டினேன்.
ஒன்று ஒன்பதாகியிருந்தது.
கழுத்தோடு சேர்த்து வெட்டினால் ஐந்துக்குக் கண்.
மீதி நாலும் வழுவழுவென்று, கனமாக, குருடாக.
பொரலந்தையில் என்றால்
யோசிக்காமல் கழிவுக் கூடைக்குள் எறிந்திருப்பேன்.
இங்கே அடுப்பு மேடையில் கிடக்கின்றன.
ஏனென்று அண்ணன் கேட்டான், சொல்லத் தெரியவில்லை.

போன செவ்வாய் சான்றிதழ் வந்தது.
புதுத் தாள், ஈர முத்திரை.
நவமனி.

சந்திராகாந்தி மிஸ் பதுளைக்கு மாற்றலாம்.
ஜன்னலில் இருந்த பையன்
பின்னால் போய் நிற்கச் சொன்னான்.
நின்றேன். சிரிப்பு வந்தது.
வாளிகளில் தண்ணி ஊற்ற ஆளில்லை போல.
பைக்குள் கைவிட்டு, விரல் நுனியால்
ஐந்து கழுத்தையும் தடவிப் பார்த்துவிட்டு
எனக்குப் பின்னால் நின்றவரிடம் கேட்டேன்,
உங்கள் வீட்டில்
உரப் பை இருக்கிறதா?